11 வயதில் காக்ளியர் இம்பிளான்ட்: பத்து வருடம் கழித்து எப்படி இருக்கும்?

திண்டுக்கல்_தம்பி | செவ்வாய், இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். நான் பெங்களூர் கே.ஆர்.புரத்தில் இருக்கிறேன், ஊர் திண்டுக்கல் பக்கம். அக்கா மகளுக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டு காதும் கேட்காது. இப்போது 11 வயது. மூன்று வயதில் காது மெஷின் போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று பாதி நாள் அது டப்பாவிலேயே கிடக்கும். அம்மா, பாட்டி, வா, தா என்று நாற்பது ஐம்பது வார்த்தை சொல்வாள். வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் புரியும். மற்றதெல்லாம் கைஜாடைதான். நல்ல சூட்டிகை. என் போனுக்கு என்ன லாக் போட்டாலும் இரண்டு நாளில் திறந்துவிடுவாள்.

போன வாரம் இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ஆபரேஷன் செய்து காதுக்குள் இம்பிளான்ட் கருவி வைக்கலாம், ஒரு காதுக்கு எல்லாம் சேர்த்து ஒன்பது லட்சம், ஒரு வருடத்தில் பேசிவிடுவாள் என்றார்கள். அரசு உதவிக்கு வயது தாண்டிவிட்டதாம். மாமா ஊரில் இருக்கிற ஒன்றரை ஏக்கரை விற்கத் தயாராகிவிட்டார். எனக்குத்தான் கை நடுங்குகிறது. அந்தக் கருவியை முதன்முதலாக ஸ்விட்ச் ஆன் செய்யும்போது கைக்குழந்தை சிரிக்கிற வீடியோ எங்கே தேடினாலும் வருகிறது. பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று யாரும் போடுவதில்லை. தாமதமாக வைத்தவர்கள் இங்கே யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஜெயநகர்_ஜேபி | செவ்வாய், இரவு 9:40

யோசிக்கவே வேண்டாம் பிரதர், உடனே செய்யுங்கள். எங்கள் பையனுக்கு 14 மாதத்தில் வைத்தோம். இப்போது ஏழு வயது, சாதாரணப் பள்ளியில் படிக்கிறான், திருக்குறள் ஒப்பித்துப் பரிசு வாங்கியிருக்கிறான். வாய் மூடுவதே இல்லை, அதுதான் எங்கள் பிரச்சினை.

அல்சூர்_அம்மா | செவ்வாய், இரவு 11:25

ஜேபி சார், உங்கள் பிள்ளை நன்றாக இருக்கட்டும். ஆனால் 14 மாதமும் 11 வருடமும் ஒரே கணக்கு இல்லை.

தம்பி, என் பையனுக்கு ஒன்பதரை வயதில் வைத்தோம், 2012-ல். இப்போது அவனுக்கு 22. எங்களிடமும் ஒருவர் ஆறு மாதத்தில் பேசிவிடுவான் என்றார். அவர் யார், எந்த இடம் என்பதெல்லாம் இப்போது வேண்டாம். அந்த ஆறு மாதத்தை நம்பி நான் அவனைப் படுத்திய பாடு எனக்குத்தான் தெரியும்.

முதலில் கிடைத்ததைச் சொல்கிறேன். சத்தம் கிடைத்தது. முன்னால் தலைக்கு மேல் விமானம் போனாலும் தெரியாதவனுக்கு, வெளியே மாட்டும் ப்ராசஸரைப் போட்டால் 30 டெசிபல் மெல்லிய சத்தமே கேட்கிறது. அடுத்த அறையிலிருந்து பெயர் சொன்னால் திரும்புவான். காலிங் பெல், தகரத்தில் விழும் மழை, பின்னால் வரும் வண்டி எல்லாம் தெரியும். செருப்பைத் தேய்த்து நடக்காதேடா என்று அவனிடம் வருடக்கணக்காகக் கையாலும் காலாலும் நடித்துக் காட்டியிருக்கிறேன். ஸ்விட்ச் ஆன் செய்த மூன்றாம் வாரம், வராந்தாவில் நடந்துகொண்டிருந்தவன் நின்றான். குனிந்து காலைப் பார்த்தான். மறுபடி நாலு எட்டு வைத்தான், மறுபடி பார்த்தான். அன்றோடு செருப்பைத் தேய்ப்பது நின்றது. அவன் நடக்கும் சத்தம் ஊருக்கெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது, அவனைத் தவிர.

ஆனால் சத்தம் சொல்லாக மாற வருடங்கள் ஆயின. முதல் வருடம் நாய் குரைப்பதற்கும் நான் கூப்பிடுவதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கவே போனது. இன்றைக்கும் முகம் பார்த்துப் பேசினால் பெரும்பாலும் பிடித்துவிடுவான். முதுகுக்குப் பின்னால் நின்று சொன்னால், என்ன விஷயம் என்று முன்பே தெரிந்திருந்தால் பிடிப்பான், புது விஷயம் என்றால் விட்டுவிடுவான். கல்யாண வீட்டில், நாலு பேர் கூடிப் பேசும் இடத்தில் ஒன்றுமே நடக்காது. சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்குப் புரிந்துவிடும்.

போனில் என்னோடும் அப்பாவோடும் மட்டும் பேசுவான். அதற்கு எங்களுக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. நான் கேட்கும் கேள்விக்குப் பதில் ஆமா, இல்லை, லேட் இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் வீடியோ காலும் வாட்ஸாப்பும்.

பேச்சைப் பற்றி நேராகவே சொல்கிறேன். வீட்டில் எல்லாம் புரியும். பீன்யாவில் அவன் வேலை பார்க்கும் லேத் பட்டறையில் கூட இருப்பவர்களுக்கு முக்கால்வாசி புரியும். புது ஆட்டோக்காரருக்குப் பாதிதான். ‘எந்த ஊர் தம்பி, நேபாளா?’ என்று கேட்டவர்கள் உண்டு. குரல் கொஞ்சம் மூக்கிலும் தொண்டையிலுமாக வரும். ஸ் வரவே வராது, பஸ் என்பது பத் ஆகிவிடும். பத்தாம் வயதில் எப்படிச் சொன்னானோ ஏறக்குறைய அதேதான், கொஞ்சம் தெளிவாக, கொஞ்சம் மெதுவாக.

நான் எதிர்பார்க்காத இன்னொன்று, சொல்லின் வால். க்கு, ஐ, ஆல், இல் இதெல்லாம் தமிழில் கடைசியில் மெல்லிசாக ஒட்டிக்கொண்டு வரும் இல்லையா? அதுதான் அவன் காதில் விழுவதே இல்லை. காதில் விழாதது வாயிலும் வராது, எழுத்திலும் வராது. ‘மாமா பூனை கடிச்சது’ என்று மெசேஜ் வந்தால் யார் யாரைக் கடித்தது என்று நாம்தான் ஊகிக்க வேண்டும். என் தம்பி அன்றைக்கு ஊசி போட்டுக்கொண்டு வந்ததால் தெரிந்தது.

மணி ஆகிவிட்டது, செலவைப் பற்றி நாளைக்கு எழுதுகிறேன்.

பழைய_ரேடியோ | புதன், காலை 6:05

நான் சொல்லலாமா என்று தெரியவில்லை, சொல்கிறேன். வயது 69, மல்லேஸ்வரம். ஐம்பதுக்கு மேல் காது மெல்ல மெல்லப் போய், 61-ல் முழுக்கப் போனது. 62-ல் இம்பிளான்ட். இது ரொம்பத் தாமதம்தானே? ஸ்விட்ச் ஆன் செய்த அன்று எல்லாரும் டின்னுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. மூன்று மாதத்தில் என் மனைவியின் குரல் அவள் குரலாகவே கேட்டது. இன்று போனில் பேசுகிறேன், ரேடியோவில் செய்தி கேட்கிறேன். பாட்டு மட்டும் திரும்பி வரவில்லை. தாளம் தெரிகிறது, ராகம் தெரியவில்லை. கல்யாணி எது காம்போதி எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொன்னவன் நான். அதனால் வயதை நினைத்துப் பயப்படாதீர்கள் தம்பி.

காதொலி_கவிதா | புதன், பகல் 1:30

நான் ஆடியாலஜிஸ்ட், காது கேட்கும் திறனைச் சோதிப்பவள். மைசூர் பேச்சு–கேட்டல் நிறுவனத்தில் படித்தேன், பெங்களூரில் வேலை.

பெரியவர் சொன்னது உண்மை, ஆனால் அதை அக்கா மகளுக்குப் பொருத்த முடியாது. அவர் மூளை ஐம்பது வருடம் தமிழைக் கேட்டு ஊறிய மூளை. அறுந்த கம்பியை மறுபடி இணைத்ததும் பழைய அகராதி அப்படியே இருந்தது. பிறந்ததிலிருந்து கேட்காத பிள்ளைக்கு அந்த அகராதியே எழுதப்படவில்லை. அதனால் ‘தாமதம்’ என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு பொருள். எந்த வயதில் வைக்கிறோம் என்பதைவிட எத்தனை வருடம், எந்தப் பருவத்தில் சத்தமில்லாமல் போயிற்று என்பதுதான் முக்கியம்.

உள்ளே என்ன நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். உள்காதில் நத்தைக்கூடு மாதிரி ஒரு உறுப்பு இருக்கிறது. அதில் ஒலியை நரம்புக்குச் சொல்லும் உள்வரிசை மயிர்ச்செல்கள் சுமார் 3,500. அவை வேலை செய்யாதபோது, கம்பெனியைப் பொறுத்து 12, 16 அல்லது 22 மின்முனைகள் கொண்ட ஒரு மெல்லிய இழையை நுழைத்து, நரம்பை நேரடியாக மின்சாரத்தால் தூண்டுகிறோம். 3,500 பேர் செய்த வேலையை 22 பேர் செய்கிறார்கள். பெரியவருக்கு ராகம் போனது இதனால்தான். பேச்சுக்கு 22 பேர் போதும், ஆனால் அந்த சிக்னல்களைப் படிக்கத் தெரிந்த மூளை மறுமுனையில் வேண்டும்.

அந்த மூளை காத்துக்கொண்டே இருப்பதில்லை. அமெரிக்காவில் அனு சர்மா என்பவரின் குழு 2002-ல் பிறவியிலேயே கேளாத 104 குழந்தைகளை வைத்து ஒரு ஆய்வு வெளியிட்டது. சத்தம் கேட்டதும் மூளையின் கேட்கும் பகுதியில் எழும் முதல் மின்அலை எவ்வளவு நேரம் கழித்து வருகிறது என்று அளந்தார்கள். மூன்றரை வயதுக்குள் இம்பிளான்ட் வைத்த பிள்ளைகளுக்கு, சில மாதங்களிலேயே அது மற்றப் பிள்ளைகளைப் போல ஆகிவிட்டது. ஏழு வயதுக்கு மேல் வைத்தவர்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஆகவில்லை. இடைப்பட்டவர்கள் இப்படியும் அப்படியும். காலி இடத்தைப் பார்வையும் தொடு உணர்வும் எடுத்துக்கொள்கின்றன. அரசுத் திட்டங்கள் சின்ன வயதோடு நிறுத்திக்கொள்வதற்கும் இதுதான் அடிப்படை. தமிழ்நாட்டு முதல்வர் காப்பீட்டில் ஆறு வயதுக்குள் என்று வைத்திருக்கிறார்கள்.

அப்படியானால் பதினொரு வயதில் வீணா? அப்படியும் சொல்ல மாட்டேன். வரலாற்றைப் பாருங்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் டாக்டர் கிரேம் கிளார்க் தன் பல மின்முனைக் கருவியை முதன்முதலில் ஒரு பெரியவருக்கு வைத்தது 1978-ல். அமெரிக்காவில் குழந்தைகளுக்கு அனுமதி 1990-ல்தான், அதுவும் இரண்டு வயதுக்கு மேல். அப்போது வரிசையில் நின்ற பிள்ளைகளில் பலர் ஐந்து, எட்டு, பன்னிரண்டு வயதுக்காரர்கள். தாமதமாக வைத்தவர்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்ததால் வந்தது. அதன் சாரம் அல்சூர் அம்மா எழுதியதேதான். மெல்லிய சத்தத்தைக் கண்டுபிடிப்பதில் சீக்கிரம் வைத்தவர்களுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வந்துவிடுகிறார்கள். முகம் பார்க்காமல் புதிய வாக்கியத்தைப் புரிந்துகொள்வதில் பின்தங்குகிறார்கள், அதிலும் ஆளுக்கு ஆள் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். உச்சரிப்பு கொஞ்சம்தான் மாறும். கேட்டல் மட்டும் பல வருடம் மெதுவாக ஏறிக்கொண்டே போகும், முதல் வருடத்தோடு நிற்காது.

ஆளுக்கு ஆள் ஏன் வித்தியாசம் என்பதில்தான் உங்கள் பதில் இருக்கிறது தம்பி. சில கேள்விகள் கேட்கிறேன். மெஷின் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் காதில் இருந்தது? மெஷின் போட்டபடி எடுத்த ஆடியோகிராம், அதாவது எவ்வளவு கேட்கிறது என்று அளந்த வரைபடம், இருக்கிறதா? எவ்வளவு காலமாக அதே மெஷின்? முகத்தை மறைத்துக்கொண்டு ‘பந்து எங்கே’ என்று சொன்னால் என்ன செய்கிறாள்? ஸ்கேன் எடுத்து நரம்பு இருக்கிறது, நத்தைக்கூடு எலும்பாகிவிடவில்லை என்று பார்த்தார்களா? சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்ததா? அக்காவும் மாமாவும் சொந்தமா? குற்றம் சொல்லக் கேட்கவில்லை. நம் பக்கத்தில் மரபணுக் காரணம் நிறைய, அதில் கனெக்சின் 26 என்ற மரபணுவில் கோளாறு என்றால் நரம்பு பொதுவாக நன்றாகவே இருக்கும்.

இவ்வளவு எழுதியதற்கு மன்னிக்கவும், சாப்பாட்டு நேரம் போய்விட்டது.

ஜெயநகர்_ஜேபி | புதன், பகல் 2:10

நான் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் போலிருக்கிறது. ஸாரி பிரதர்.

அல்சூர்_அம்மா | புதன், மாலை 4:50

கவிதா மேடம், இந்த நாலு பாராவை 2012-ல் யாராவது என்னிடம் சொல்லியிருந்தால் ஒரு மூட்டை அழுகை மிச்சம்.

செலவு சொல்கிறேன் என்றேன். தம்பி, ஒன்பது லட்சத்தோடு முடியாது. உள்ளே வைத்தது பாட்டுக்கு இருக்கும். வெளியே காதில் மாட்டும் ப்ராசஸர்தான் நம்மை வேலை வாங்கும். கேபிள் பிய்யும், பேட்டரி போகும், மழைக்காலத்தில் ஈரம் ஏறும். ராத்திரி அதை சிலிக்கா ஜெல் டப்பாவில் வைத்துத்தான் தூங்குவோம். எட்டாவது வருடம் பழைய மாடலுக்கு இனிப் பாகம் கிடைக்காது என்றார்கள். புதியதற்கு நாலரை லட்சம். என் கழுத்தில் இருந்தது போனது, பரவாயில்லை. ஆனால் முன்பே தெரிந்திருந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் எடுத்து வைத்திருப்பேன். நிலத்தை முழுசாக விற்று ஆபரேஷன் செய்தால் எட்டாவது வருடம் எதை விற்பீர்கள்?

ஹெல்மெட் இன்னொரு தலைவலி. பைக்கில் பின்னால் உட்கார்ந்தால், தலையில் காந்தத்தால் ஒட்டியிருக்கும் காயில் (coil) நழுவிவிடும், கழற்றிப் பைக்குள் போட வேண்டும். ரோட்டில்தான் காது வேண்டும், ரோட்டில்தான் காது இருக்காது.

நல்லதும் ஒன்று சொல்கிறேன். மெட்ரோவில் அறிவிப்பு வரும் இல்லையா, ‘முந்தின நில்தாண’ என்று? சொல்லாக இல்லாமல் ஒரு ராகம் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டான். அல்சூர் பெயர் வருகிற இடத்தில் எழுந்துவிடுவான், போர்டைப் பார்ப்பதில்லை. ஒரு நாள் போனில் எழுதிக் காட்டிக் கேட்டான், ‘வரப்போற ஸ்டேஷன் ஏன் முந்தின சொல்றாங்க?’ கன்னடத்தில் முந்தின என்றால் அடுத்த என்று அர்த்தம் என்று விளக்கினேன். இந்த ஊரில் முப்பது வருடம் இருக்கிறேன், எனக்கு அது தோன்றவே இல்லை. இரண்டு மொழியில் ஒரு சொல் இடிக்கிறது என்று அவன் கண்டுபிடித்தான். அன்றைக்கு வீட்டில் கேசரி.

கைமொழி_28 | புதன், இரவு 10:15

நான் காது கேளாதவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், என் முதல் மொழி சைகை.

எனக்கு 16 வயதில் வைத்தார்கள். 19-ல் வெளியே மாட்டும் கருவியைக் கழற்றினேன். இப்போது டிராயரில் இருக்கிறது. மூன்று வருடமும் மண்டைக்குள் தகரம் உருளுவது போல. தினம் தலைவலி. அம்மா அப்பா கடன் வாங்கினார்கள், அதனால் சொல்ல முடியவில்லை. போட்டுக்கொண்டு சுவிட்சை மட்டும் அணைத்து வைப்பேன். அவர்கள் பேசும்போது உதட்டைப் பார்த்துப் பதில் சொல்வேன், காது வேலை செய்கிறது என்று சந்தோஷப்படுவார்கள்.

என்னிடம் யாரும் வேண்டுமா என்று கேட்கவில்லை. ஆபரேஷன் என்று தெரியும். எதற்கு என்று தலை மொட்டை அடித்த பிறகுதான் தெரியும்.

பெங்களூர் வந்து கேளாத நண்பர்கள் கிடைத்தார்கள். இந்திய சைகை மொழி கற்றேன். அதுவரை எனக்குள் பேச்சே இல்லை. ‘ஒருவேளை’, ‘பொறாமை’, ‘நேர்மை’ போன்றவற்றை நான் 20 வயதில்தான் முழுசாகப் புரிந்துகொண்டேன். ஒரு நண்பன் டீக்கடை வாசலில் நின்று ‘ஒருவேளை’யை விளக்கினான். டீ ஆறிவிட்டது.

11 வயதுப் பெண்ணிடம் ஐம்பது வார்த்தை என்கிறீர்கள். எனக்குப் பயமாக இருந்தது. காது பிறகு. முதலில் அவளுக்கு ஒரு மொழி கொடுங்கள்.

காதொலி_கவிதா | வியாழன், காலை 8:20

தம்பி, நீங்கள் எழுதியதில் ஒன்றிரண்டு கேட்கலாமா? தகரம் உருளுகிற மாதிரி, தினம் தலைவலி என்றால் மேப்பிங்கில், அதாவது ஒவ்வொரு மின்முனையையும் சரிசெய்யும்போது, மின்சார அளவு அதிகமாக வைக்கப்பட்டிருக்கவும் வாய்ப்பு உண்டு. எந்த மின்முனையில் எவ்வளவு தாங்கும் என்று நோயாளி சொல்லித்தான் சரிசெய்ய வேண்டும். கேட்டலே தெரியாத ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு ‘இது அதிகம்’ என்று சொல்லவே தெரியாது. சிலவற்றை அணைத்து, சிலவற்றைக் குறைத்துப் பார்க்கலாம்.

கைமொழி_28 | வியாழன், காலை 8:55

இருக்கலாம் மேடம். ஆனால் இப்போது எனக்கு வேண்டாம். எனக்கு வேலை இருக்கிறது, மனைவி இருக்கிறாள், அவளும் கேளாதவள். வீட்டில் இரவு வரை பேச்சு ஓயாது. உங்கள் மேல் கோபம் இல்லை.

அல்சூர்_அம்மா | வியாழன், காலை 11:40

கைமொழி தம்பி, உங்கள் பதிவை நேற்று ராத்திரி மூன்று தடவை படித்தேன். ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன், வீட்டில்கூட முழுசாகச் சொன்னதில்லை.

ஸ்விட்ச் ஆன் ஆன பிறகு தெரபியில் ஒருவர், ஜாடை காட்டவே கூடாது, ஜாடை இருந்தால் வாய் வராது என்றார். நான் அதை வேதமாக எடுத்துக்கொண்டேன். என் பையன் தண்ணீர் வேண்டும் என்று கட்டை விரலை வாய்க்குக் கொண்டுபோவான். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு ‘வாயால் கேள், தண்ணி, தண்ணி’ என்பேன். அவன் ‘தன்னி’ என்று சொல்லும்வரை சொம்பு என் இடது கையில் இருக்கும். இப்படி இரண்டு வருடம். பதினொரு வயதுப் பையன் கோபத்தில் சொம்பைத் தட்டிவிட்ட அன்று நிறுத்தினேன்.

பத்தொன்பது வயதில் அவனாகத் தேடிப்போய்ச் சைகை கற்றான். இப்போது என்னோடு வாயும் கையுமாகப் பேசுகிறான், நண்பர்களோடு கையால் மட்டும். கை வந்த பிறகு வாய்ப் பேச்சு குறையவில்லை. சொல் கூடியது, கோபம் குறைந்தது. ப்ராசஸரைக் காலையில் போட்டால் ராத்திரிதான் கழற்றுவான், யாரும் சொல்ல வேண்டியதில்லை. உங்களுக்குத் தகரம், அவனுக்கு அது தேவை. ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு வயதிலிருந்தே காது மெஷினை விடாமல் போட்டிருந்தான், அதனாலோ என்னவோ.

காதொலி_கவிதா | வியாழன், பகல் 12:15

அதனாலேதான் பெரும்பாலும். அந்த ஏழு வருடம் கொஞ்சமாவது சத்தம் உள்ளே போயிருக்கிறது, மூளை முழுப் பட்டினி கிடக்கவில்லை. நான் தம்பியிடம் மெஷின் மணிக்கணக்கை முதல் கேள்வியாகக் கேட்டது இதற்குத்தான்.

சைகையை நிறுத்தச் சொன்ன காலம் ஒன்று இருந்தது. எங்கள் பாடத்திலும் இருந்தது, நானே சில அம்மாக்களிடம் சொல்லியிருக்கிறேன். சின்னக் குழந்தைக்கு அதை வாதிடலாம். பதினொரு வயதில் கையில் இருக்கிற ஒரே மொழியைப் பிடுங்குவதை இப்போது நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். டெல்லியில் 2015-லிருந்து இந்திய சைகை மொழிக்கென்று மத்திய அரசின் ஆய்வு–பயிற்சி மையம் இருக்கிறது, அவர்களின் அகராதி வீடியோக்கள் இணையத்தில் இலவசம். வீட்டில் எல்லாரும் சேர்ந்து கற்கலாம்.

திண்டுக்கல்_தம்பி | வியாழன், இரவு 9:30

எல்லாருக்கும் நன்றி. அக்காவிடம் ஒவ்வொரு பதிவாகப் படித்துக் காட்டினேன். சொம்பு வந்த இடத்தில் போனை வைத்துவிட்டாள், பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டாள்.

மேடம் கேட்டதற்குப் பதில். அக்காவும் மாமாவும் சொந்தம்தான், தாய்மாமன். மூளைக்காய்ச்சல் வரவில்லை. மெஷின் நாளைக்கு மூன்று நாலு மணி நேரம் இருந்தால் அதிகம். எட்டு வருடமாக அதே மெஷின், காதுக்குள் பொருந்தும் அச்சு மட்டும் ஒரு தடவை மாற்றினார்கள். மெஷின் போட்டு எடுத்த ஆடியோகிராம் அந்த ஆஸ்பத்திரியில் எடுக்கவே இல்லை. பந்து எங்கே என்று செய்து பார்த்தோம். முகத்தை மறைத்தால் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள், அவ்வளவுதான்.

காதொலி_கவிதா | வெள்ளி, காலை 7:45

எட்டு வருடம் அதே மெஷின், தொளதொள அச்சு, நாளைக்கு மூன்று மணி நேரம். இந்த நிலையில் ‘மெஷினால் பயனில்லை’ என்று யாரும் எழுதித்தர முடியாது. மெஷினையே ஒழுங்காகக் கொடுத்துப் பார்க்கவில்லை. நல்ல பவர் மெஷின் இரண்டு காதுக்கும், புது அச்சு, தூங்கும் நேரம் தவிர எப்போதும். மூன்று மாதம் கழித்து மெஷினோடு ஆடியோகிராம். ஆபரேஷன் செய்யும் காதில் மிச்சம் இருக்கும் கேட்டல் போய்விடலாம், அதனால் இருப்பது என்ன என்று தெரியாமல் கத்தி வைக்கக்கூடாது.

வீட்டில் செய்ய ஒரு சின்ன விளையாட்டு. பணம், மணம் இரண்டையும் கண்ணாடி முன்னால் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதட்டில் இரண்டும் ஒன்றுதான், எவ்வளவு கெட்டிக்காரப் பிள்ளையும் கண்ணால் பிரிக்க முடியாது. காதுக்கு மட்டும்தான் வித்தியாசம். ஒரு ரூபாய்ப் படமும் ஒரு மல்லிகைப் படமும் வைத்து, மெஷினோடு எதைத் தொடுகிறாள் என்று பாருங்கள். அடுத்தது கல், கால். குறிலும் நெடிலும் நீளத்தில் வேறுபடுவதால் அது எளிது, நம் மொழி செய்யும் உபகாரம். வலி, வளி, வழி பக்கம் போகவே வேண்டாம். காது நன்றாக இருப்பவர்களிலேயே பாதிப் பேர் அதில் தேர மாட்டார்கள்.

பிறகு இம்பிளான்ட் என்றே முடிவானாலும் பெங்களூரில் செய்யாதீர்கள் என்றுதான் சொல்வேன், என் பிழைப்பு இங்கே என்றாலும். முதல் வருடம் மேப்பிங்குக்கு அடிக்கடி வர வேண்டும். தெரபியும் தமிழில்தான் இருக்க வேண்டும். இங்கே கன்னடத்திலும் இங்கிலீஷிலும் கற்றுக்கொடுத்து, ஊரில் போய்த் தமிழ் கேட்டால் பிள்ளை எதைப் பிடிக்கும்? மதுரையிலோ சென்னையிலோ பாருங்கள்.

மட்டுறுத்துநர் | வெள்ளி, காலை 10:00

கம்பெனி பெயர், ஏஜென்ட் நம்பர் போட்ட மூன்று பதிவுகள் நீக்கப்பட்டன. விற்பனை வேண்டாம்.

திண்டுக்கல்_தம்பி | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6:20

இந்த உரையாடலை மறுபடி எழுப்புகிறேன். புது மெஷின் போட்டு முப்பது நாள் ஆகிறது. முதல் வாரம் பிடுங்கிப் பிடுங்கி எறிந்தாள். இப்போது பள்ளிக்கும் போட்டுக்கொண்டு போகிறாள், கிளாஸ் டீச்சரிடம் அக்கா நேரில் போய்ப் பேசினாள். பணம், மணத்தில் பத்துக்கு ஆறு ஏழு சரியாகத் தொடுகிறாள். கல், காலில் பத்துக்குப் பத்து. ஸ்கேனில் நரம்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். மாமா நிலத்தில் கடலை விதைத்துவிட்டார்.

போன வாரம் அவள் இங்கே வந்தபோது அல்சூர் அம்மா வீட்டுக்குப் போனோம். அம்மா வற்புறுத்தி மதியச் சாப்பாடு போட்டார்கள். அவர் பையன் ப்ராசஸரைக் கழற்றி இவள் கையில் கொடுத்தார். இவள் அதை முகர்ந்து பார்த்தாள், பீரோ கதவில் ஒட்ட வைத்தாள், எடுத்தாள், மறுபடி ஒட்ட வைத்தாள். பிறகு அவர் தலையைக் காட்டி, தூங்குகிற மாதிரி ஜாடை செய்து, வலிக்குமா என்று முகத்தால் கேட்டாள். அவர் ராத்திரி கழற்றி வைத்துவிடுவேன் என்று டப்பாவைக் காட்டினார். அரை மணி நேரம் இரண்டு பேரும் கையால் என்னென்னவோ பேசிக்கொண்டார்கள். இவள் இவ்வளவு நேரம் ஒருவரோடு பேசி நான் பார்த்ததில்லை. எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

மூன்று மாத ஆடியோகிராம் தீபாவளிக்கு அப்புறம். அதைப் பார்த்துவிட்டு, அவளிடமும் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று அக்கா சொல்லிவிட்டாள். சைகை வகுப்பு ஆன்லைனில், சனி ஞாயிறு. நானும் சேர்ந்திருக்கிறேன், விரல் ஒத்துழைக்கவில்லை.

அல்சூர்_அம்மா | ஞாயிறு, இரவு 8:05

சனிக்கிழமை வகுப்புக்கு என் பையனும் வருகிறானாம், சொல்லிக்கொடுக்க. அப்புறம், அன்றைக்கு நீங்கள் கிளம்பிய பிறகு அவன் போனில் லாக் மாறிக் கிடக்கிறது. மருமகளிடம் நம்பரைக் கேட்டு அனுப்புங்கள், நாளைக்கு அவன் வேலைக்குப் போக வேண்டும்.